கடுகு மட்டும் தெளிவாக

பிள்ளைகளைப் படம் எடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால் எல்லோரும் "அய்யோ, எவ்வளவு நல்ல வேலை!" என்கிறார்கள். ஒரு நாள் என்கூட வந்து பார்க்கட்டும். மங்கலான ஒரு அறை, இருபது பிள்ளைகள். அதில் ஒன்றாவது ஒரு இடத்தில் நிற்குமா? மூக்கில் விரல், வாயில் விரல், பக்கத்துப் பிள்ளையின் காதில் விரல். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு என்ன வந்தது? நில் என்றால் நிற்கிறார்கள், சிரி என்றால் சிரிக்கிறார்கள். கூலியும் கொடுத்து, உட்கார நாற்காலியும் போடுகிறார்கள்.

வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் கண்ணை மெதுவாகத்தான் மூடும். அதற்குள் பிள்ளை தலையைத் திருப்பிவிட்டால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு கலங்கல்தான் கிடைக்கும். வேகமாக மூடு என்று கேமராவை அதட்டலாம். அப்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். "ஏங்க, என் பிள்ளை மூஞ்சில மணலத் தூவிட்டீங்க?" என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கே வந்தாள். ஃபிளாஷ் அடிக்கலாமே என்பீர்கள். அடித்தால் பிள்ளை முகம் திருடன் பிடிபட்ட மாதிரி ஆகிவிடும். நான் ஃபிளாஷைத் தொடுவதில்லை. அது என் கொள்கை, என் திமிர், எனக்கு வேலை வந்த வழி, எல்லாமே.

எனக்கு ஒரு மகள். போன மாதம்தான் ஐந்து முடிந்தது. பிறந்தபோது, தொட்டிலில் இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சின்னதாக இருந்தாள். "என்னது, கடுகு மாதிரி இருக்கு?" என்றார் என் கணவர். முறையாக ஒரு பெயர் வைப்பதற்குள் இது ஒட்டிக்கொண்டது. சான்றிதழில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். தட்டில் கை வைத்தால் வரும், குளிக்கப் போனால் வரும். நாங்கள் இருப்பது ஆறு மாடிக் கட்டிடத்தின் முதல் மாடியில், பின்பக்கம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டிடத்தின் சுவர் தட்டும். உச்சி வெயிலிலும் விளக்கைப் போட்டால்தான் கொத்தமல்லி எது, புதினா எது என்று தெரியும்.

கடுகு பிறந்தபின் மூன்று வருடம் அந்த வீட்டுக்குள் கிடந்தேன். கிடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு பெரிய ஸ்டுடியோவில் இருந்தவள் நான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராதே என்றார்கள். விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. இவர் காலையில் கிளம்பினால் ஊரில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு இருட்டியபின்தான் வருவார். நான் மாட்டிக்கொண்டிருந்தேனே, யாருக்குப் போன் செய்வது?

எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்குக் கேமராதான் காரணம். வெளியே போக முடியாதா, உள்ளேயே எடுக்கிறேன். வெளிச்சம் இல்லையா, இல்லாத வெளிச்சத்திலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. எடுப்பதற்கு வீட்டில் என்ன இருந்தது? கடுகுதான் இருந்தாள்.

அவள் தவழும்வரை தொந்தரவில்லை. தவழ ஆரம்பித்ததும் எல்லாப் படமும் கலங்கல். "அசையாத" என்று சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்சிச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், சில நாள் கத்தியும் சொன்னேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் மாமியாரைக் கேட்டால் பட்டியலே தருவார். பிறகு அதை ஒரு விளையாட்டாக மாற்றினேன். நான் பார்த்தால் அவள் சிலை. கேமராவில் 'க்ளிக்' என்று சத்தம் வந்தால் சிலைக்கு உயிர் வந்துவிடும். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். இரண்டு வயதுப் பிள்ளை, ஒரு காலைத் தூக்கியபடி, கையில் இருந்த கரண்டியை நீட்டியபடி அப்படியே நிற்பாள். கண்கூட இமைக்காது. க்ளிக் கேட்டதும் ஓடிவிடுவாள்.

அந்தப் படங்களைத்தான் இணையத்தில் நாலு பேர் பார்க்கப் போட்டேன். ஃபிளாஷ் இல்லாமல், வீட்டுக்குள், இவ்வளவு தெளிவாகவா என்று கேட்டார்கள். முதலில் ஒரு பிறந்தநாள், பிறகு ஒரு மழலையர் பள்ளி, பிறகு வாரத்துக்கு மூன்று. அந்த வீட்டைவிட்டு நான் வெளியே வந்தது கடுகின் முதுகில் ஏறித்தான். இதை இப்போதுதான் இப்படிச் சொல்கிறேன். அப்போதெல்லாம் என் கைத்திறன் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடுகை ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒரு கட்டிடத்தின் தரைக்குக் கீழே இருக்கும் பெரிய அறை அது. ஜன்னல்கள் கூரையை ஒட்டி, கோடு போட்ட மாதிரி. அதன் வழியே தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். நடத்துகிற டீச்சர் ஆள் பெரிய உருவம். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடுகைக் கூட்டிப்போக வந்தபோது என்னை நிறுத்தி உட்காரச் சொன்னார். அங்கே இருப்பதெல்லாம் ஒரு சாண் நாற்காலிகள். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன்.

"உங்க பொண்ணு விளையாட மாட்டேங்கிறாம்மா."

"வெக்கம் டீச்சர். போகப் போக சரியாயிடும்."

"வெக்கம் இல்லம்மா. நான் பாத்தா நிக்கிறா. ஆயா பாத்தா நிக்கிறா. ஆணி அடிச்ச மாதிரி. போன வெள்ளிக்கிழமை ஒருத்தன் மூணு சக்கர சைக்கிள வேகமா ஓட்டிட்டு வந்தான். 'கடுகு, தள்ளு'ன்னு கத்துறேன். என்னையே பாத்துட்டு நிக்கிறா. நான் கத்தக் கத்த நிக்கிறா. சக்கரம் கால்ல ஏறிடுச்சு."

"கீழ விழுந்துட்டான்னு சொன்னாங்களே, ஆயா."

"விழல. நின்னா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் நிறுத்தவில்லை.

"அடுத்த மாசம் பெரிய வகுப்பு. அது மேல, வெளிமுற்றத்துல. ஊஞ்சல் ஆடிட்டே இருக்கும், பெரிய பசங்க பந்து அடிப்பாங்க. ஒதுங்கத் தெரியாத பிள்ளைய நான் எப்படிம்மா மேல அனுப்புறது? மண்டையில அடிபட்டா யாரு பதில் சொல்றது? மாசக் கடைசிக்குள்ள, என் கண் முன்னால அவ ஒரு தடவ ஓடணும். அவ்வளவுதான் கேக்குறேன். இல்லன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் என்ன சொல்றாரோ பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"திங்கக்கிழம ஸ்கூல் ஆல்பத்துக்குப் படம் எடுக்க நான்தான் வர்றேன்," என்றேன். "என் பிள்ள எப்படி விளையாடுறான்னு படத்துலயே காட்டுறேன், பாத்துக்குங்க."

இப்படி வாய் விடுவது எனக்குப் புதிதல்ல.

திங்கட்கிழமை காலை போனேன். அறையில் இரண்டு குழல் விளக்கு, ஒன்று பழுத்துப்போனது. கூரைக்குக் கருநீலம் பூசி காகித நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகு, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குடித்துவிடும். மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. "சத்தம் மட்டும் வேணாம்மா. ஒண்ணு எந்திரிச்சா ஒம்போதும் எந்திரிக்கும்," என்றார் டீச்சர். நான் புதிதாக வாங்கியிருந்த கேமராவில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் எடுக்கலாம். அணைத்தேன்.

அதன்பின் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. வேலை நன்றாக ஓடும்போது நான் அப்படித்தான். ஓடுகிற பிள்ளைக்கும் ஒரு நிற்கும் நேரம் உண்டு. எகிறிக் குதிக்கிற பையன் உச்சிக்குப் போய்க் கீழே இறங்குமுன் கண் சிமிட்டும் நேரம் காற்றில் நிற்பான். சறுக்கி வருகிறவள் தரை தொட்டதும் ஆச்சரியத்தில் ஒரு கணம் உறைவாள். அந்த இடத்தில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் கலங்கல், பிந்தினாலும் கலங்கல். மஞ்சள் பஞ்சு மெத்தையில் முட்டி போட்டு, குப்புறப் படுத்து, சுவரில் முதுகைத் தேய்த்து எடுத்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் படத்தின் ஓரத்தில் கடுகு இருந்தாள். சறுக்குமரத்தின் அடியில், சிவப்புப் பந்தோடு. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

சாயங்காலம் வீட்டில் கணினி முன் உட்கார்ந்தேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். என் முறை எளியது: கலங்கலை அழி, தெளிவை வை. பாதிக்குமேல் போய்விட்டது. மீதியில் கடுகு பதிந்திருந்த படங்களைப் பார்த்தேன். மற்றவர்கள் எப்படி இருந்தாலும் அவள் தெளிவு. நெற்றியில் ஒட்டிய முடி வரைக்கும் தெளிவு. "இங்க வாங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டேன். "ரத்தத்துலயே ஊறியிருக்கு பாருங்க. ஒரு படத்துலகூட ஆடல." அவர் மகளுக்குக் கால் கழுவிவிட்டு, துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "ம்" என்றார்.

பெருமையில் படங்களை வேகமாக ஓட்டினேன். அப்போதுதான் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி மின்விசிறி மாதிரிச் சுழல்கிறார்கள். வருகிறார்கள், போகிறார்கள், விழுகிறார்கள், அழுகிறார்கள். நடுவில் கடுகு மட்டும் அப்படியே இருக்கிறாள். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி. இடது கால் சறுக்குமர ஏணியின் முதல் படியில். வலது கால் தரையில். முதல் படத்தின் நேரத்தைப் பார்த்தேன், பத்து மணி ஐந்து நிமிடம். கடைசிப் படம், பத்து நாற்பத்து நான்கு. அதே பந்து, அதே கால், அதே படி.

"அம்மா," என்று பின்னால் குரல். கடுகு ஈரக்காலோடு வந்து நின்றாள். "இன்னைக்கு ஏம்மா க்ளிக்கே பண்ணல?"

நான் திரும்பவில்லை.

"கால் வலிச்சுச்சு," என்றாள்.

நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "டீச்சர் பாத்தா ஏண்டா நிக்கிற? அவங்க படம் எடுக்கலையே."

"டீச்சர்கிட்ட க்ளிக் இல்லம்மா," என்றாள். உனக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அவங்க அந்தப் பக்கம் திரும்புற வரைக்கும் நான் நிக்கணும்."

அவ்வளவுதான். என் பிள்ளைக்கு நான் கற்றுக் கொடுத்தது அதுதான். பெரியவர்கள் பார்த்தால் நிற்க வேண்டும், சத்தம் வந்தால் போகலாம். ஊரில் உள்ள கண்ணுக்கெல்லாம் சத்தம் வராது என்பதை நான் யோசிக்கவில்லை. சக்கரம் காலில் ஏறும்போதும் என் பிள்ளை ஒரு க்ளிக்குக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவள் தூங்கப் போனபின் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எங்கிட்ட ஓடுறாளே," என்றார்.

"என்னது?"

"நீ சனிக்கிழம வேலைக்குப் போற இல்ல, அப்ப. கட்டில்ல ஏறிக் குதிப்பா, என் தலை மேல ஏறுவா. குரங்கு தோத்துடும்."

"நீங்க பாத்தா நிக்கலையா?"

"நான் எங்க பாத்தேன்? போனைப் பாத்துட்டுக் கிடப்பேன். அவ பாட்டுக்கு மேல ஏறி விளையாடுவா." கொஞ்சம் தயங்கினார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பிள்ளையைக் கவனிக்காமல் போனிலேயே கிடக்கிறீர்களே என்று இந்த மனுஷனோடு நான் போடாத சண்டையில்லை. கவனிக்காமல் இருந்ததால்தான் அவரிடம் பிள்ளை பிள்ளையாக இருந்திருக்கிறாள். எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் வந்தது பொறாமைதான். கடுகின் படம் என்னிடம் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறது. அவள் ஓடி நான் பார்த்ததில்லை. க்ளிக் ஆனதும் நான் குனிந்து திரையில் படம் தெளிவா என்று பார்ப்பேன். அவள் ஓடுவது அந்த நேரத்தில்தான். நிமிர்ந்தால் மறுபடி சிலையாக நிற்பாள்.

மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. நான் வேலையில் இறங்கினேன். எதையும் ஒரு பிடி பிடித்தால்தான் எனக்கு ஆகும். கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இனிமே சிலை விளையாட்டு இல்ல. முடிஞ்சுபோச்சு. நீ ஓடலாம்," என்றேன். தலையாட்டினாள். நின்றாள். வாயாலேயே "க்ளிக்" என்றேன். இரண்டு எட்டு வைத்தாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி நின்றாள். க்ளிக். இரண்டு எட்டு. க்ளிக். இரண்டு எட்டு. கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போவதற்குள் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நீங்களும் க்ளிக் என்று சொல்லிப் பாருங்கள் என்றேன்.

"நாள் முழுக்கவா?" என்றார் அவர். "இருபத்திரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா. நான் பல்லி மாதிரிச் சத்தம் போட்டுட்டே திரியவா?" பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கிவந்தார். "சரி, சொல்றேன். ஆனா மேல வர்ற பந்துக்கு யாரு க்ளிக் சொல்லுவாங்க?"

அன்று வீட்டுக்கு வந்து பொறுமை இழந்தேன். "ஓடு! ஓடித் தொலையேன்! எல்லாப் பிள்ளையும் ஓடுது, உனக்கு என்ன?" என்று கத்தினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது, அது விழக்கூடாது என்று பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"லிஃப்ட்ல மாட்டினவங்களுக்குப் போன்ல முதல்ல என்ன சொல்வோம் தெரியுமா?" என்றார் கணவர், கதவுக்கு வெளியே நின்றபடி. "கதவை நோண்டாதீங்கன்னு."

"நோண்டினா?"

"இன்னும் சிக்கிக்கும்."

"அப்ப என்னதான் பண்றதாம் அவங்க?"

"சும்மா உக்காரணும்," என்றார். எனக்குச் சும்மா உட்கார வருமா? அவருக்கும் அது தெரியும். போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வேலைக்குப் போகிற மாதிரிக் கிளம்பினேன். பையை மாட்டி, படுக்கையறையில் இருந்த கடுகுக்கு முத்தம் கொடுத்து, வாசல் கதவைப் படாரென்று சாத்தினேன். ஆனால் வெளியே போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரிச் சமையலறைக்குள் நுழைந்து கதவின் பின்னால் நின்றுகொண்டேன். என் வீட்டில் என் பிள்ளையைப் பார்க்க நான் ஒளிய வேண்டியிருந்தது. கதவிடுக்கு வழியே நேராகப் படுக்கையறை தெரியும். கணவர் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கடுகு ஓடினாள்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தலையை முன்னால் நீட்டி, வாத்து மாதிரி ஓடினாள். கட்டிலில் ஏறி, அப்பாவின் வயிற்றைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, கட்டிலைச் சுற்றி வந்து மறுபடி ஏறினாள். ஓடும்போது வாயால் புர்ரென்று ஒரு சத்தம் வேறு. இடது கால் கொஞ்சம் உள்பக்கம் வளைகிறது, அது எனக்குத் தெரியாது. ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், அதுவும் தெரியாது. இது யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன்.

இனி நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. போனை எடுத்தேன். ஒரே ஒரு படம், எனக்கு மட்டும் என்று நினைத்தேன். சத்தத்தை அணைத்தேன். அறையில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அவள் முதுகுப் பக்கம். கட்டில் ஓரத்திலிருந்து அவள் எகிறும்போது உச்சியில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது என் மண்டை. கதவை ஒரு விரற்கடை தள்ளினேன். அவள் எகிறினாள். நான் அழுத்தினேன். போன் வெளிச்சம் என் முகத்தில் பட்டிருக்க வேண்டும், காற்றில் இருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டாள். கை கால் அத்தனையும் அங்கேயே விறைத்தது. கீழே வரும்போது காலை ஊன்றவில்லை, கையை நீட்டவில்லை. விறகுக்கட்டை மாதிரி வந்து கட்டில் சட்டத்தில் தாடை மோத விழுந்தாள்.

மூன்று தையல். ஆஸ்பத்திரி நடைபாதையில் என் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. அவர் திட்டி எனக்குப் பழக்கமுமில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"படம் நல்லா வந்துச்சா?"

தெளிவாக வந்திருந்தது.

அதற்குப்பின் நான் அவளைப் பார்ப்பதையே குறைத்தேன். சோறு ஊட்டும்போது தட்டைப் பார்த்தேன். தலை வாரும்போது சீப்பைப் பார்த்தேன். பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது அவள் கை மட்டும் என் கையில் இருக்கும், என் கண் தெருவில் இருக்கும். வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டேன். அந்த ஜன்னல், அந்தச் சுவர், அந்த விளக்கு என்று பழையபடி உள்ளே கிடந்தேன். முன்பு அடைந்து கிடந்தபோது பார்ப்பதற்கு ஒரு பிள்ளையாவது இருந்தாள். டீச்சர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் இவர் சீக்கிரம் வந்துவிட்டார். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடுகு வந்து எதிரே நின்றாள். தாடையில் பிளாஸ்திரி. நான் மடிக்க எடுத்த துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இத கண்ணுல கட்டிக்கோ. நான் ஓடுறேன்."

"அம்மா கண்ண மூடிக்கிறேன்டா. கட்டெல்லாம் எதுக்கு?"

"வேணாம். நீ பாப்ப."

கணவர் வந்து துண்டை நாலாக மடித்து என் கண்ணில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டார். இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத இருட்டு. எந்த இருட்டிலும் ஒரு பிசிறு வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிடுகிற என் கண் அங்கே முட்டி மோதிவிட்டு அடங்கியது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தரையில் சின்னக் கால்கள் அடிக்கிற சத்தம். பட் பட் பட் என்று சமையலறைவரை போய்த் திரும்பியது. நாற்காலி கிறீச்சிட்டது. மடித்து வைத்த துணி சரிந்தது. என் தலைமுடியைக் காற்று மாதிரி ஏதோ தொட்டுப் போனது. அந்தப் புர்ர் சத்தம் வலது காதில் கேட்டது, இடது காதில் கேட்டது, முதுகுக்குப் பின்னால் போனது. பிறகு தொம்மென்று ஒரு விழும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

என் கை தானாக முடிச்சுக்குப் போய்விட்டது.

"அம்மா! கைய எடு!"

எடுத்தேன். "அடிபட்டுச்சாடா?"

"இல்ல. கைய கீழ வை."

கீழே வைத்தேன். மறுபடி கால்கள் ஓடின. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முழு வேகத்தில் என் மடியில் வந்து விழுந்தாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. உடம்பு முழுக்க வியர்வை, அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரிச் சூடு. அவள் இதயம் என் மணிக்கட்டில் திடுதிடுவென்று அடித்தது. நெளிந்தாள், உதைத்தாள், என் கைக்குள் நிற்காமல் வழுக்கினாள். ஐந்து வருடத்தில் என் பிள்ளையை நான் முதல் தடவையாகத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. சந்தோஷத்தில் எனக்குப் பேராசை வந்துவிட்டது.

"டீச்சர் பாக்கிறப்பவும் இப்படி ஓடுவியா, தங்கம்?"

யோசித்தாள். "டீச்சருக்கும் கட்டணும்."

கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "அம்மா ஒரே ஒரு தடவ பாக்கட்டுமா? கேமரா இல்ல. போன் இல்ல. சும்மா. அம்மா கண்ணு மட்டும்."

என் கைக்குள் நடந்தது எனக்குத் தெரிந்தது. முதலில் தொடைகள் இறுகின. பிறகு முதுகு. பிறகு விரல்கள். நெளிந்துகொண்டிருந்த உடம்பு, கேள்வி முடிவதற்குள் மரமாகிவிட்டது. இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் படத்தில் நான் தெளிவாக எடுத்தது இதைத்தான்.

"பாக்கல," என்றேன். "பாக்கலடா தங்கம். அம்மா பாக்க மாட்டேன். கட்டிட்டேதான் இருக்கேன் பாரு."

ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. மடியிலிருந்து இறங்கினாள்.

"அப்பா, இன்னும் இறுக்கிக் கட்டு."

"ஏற்கெனவே இறுக்கமாதான் இருக்கு, கடுகு. அம்மாவுக்கு வலிக்கும்."

"கட்டுங்க," என்றேன்.

அவர் முடிச்சை அவிழ்க்காமல் அதன் மேலேயே இன்னொன்று போட்டு இழுத்தார். கன்னத்தில் ஒரு சின்ன விரல் வந்து துண்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தது.

"ஈரமா இருக்கு," என்றாள். "தெரியுதா?"

"தெரியல."

"நிஜமா?"

"நிஜமா ஒண்ணுமே தெரியல."

அவள் ஓடினாள்.